புல்வெளியில் என்ன கோளாறு? இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பனி உருகித் தரை தெரியத் தொடங்கும்போது எந்தப் புல்வெளியும் பார்க்க நன்றாக இருக்காது. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் ஒரு மூட்டை உரம், ஒரு பை விதை, ஒரு டப்பா களைக்கொல்லி என்று வாங்கி வந்து, ஒரே சனிக்கிழமையில் மூன்றையும் இறைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். களை முளைக்காமல் தடுக்கும் மருந்து புல் விதையையும் முளைக்க விடாது. முளைக்காத விதைக்குப் போட்ட உரம் களைக்குத்தான் போகும். செலவு மூன்று, பலன் பூஜ்யம்.

இளவேனிலில் கண்ணில் படும் கோளாறுகளில் பல தாமாகவே சரியாகிவிடும். மருந்து தேவைப்படுகிறவற்றில் பலவற்றுக்கு நல்ல பருவம் இலையுதிர்காலம். அதனால் முதலில் என்ன கோளாறு என்று கண்டுபிடியுங்கள், வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

கீழே மாதப் பெயர் எதுவும் வராது. மார்ச் மாதம் ஓரிடத்தில் இளவேனில், இன்னோரிடத்தில் இலையுதிர்காலம். ஒரே ஊரிலேயே ஆண்டுக்கு ஆண்டு சில வாரங்கள் முன்பின் ஆகும். புல்லுக்கும் களைக்கும் நாட்காட்டி மண்ணின் வெப்பநிலைதான். மண்ணில் குத்திப் பார்க்கும் சாதாரண வெப்பமானி ஒன்று இருந்தால், காலையில் 5 செ.மீ. ஆழத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகள்

உங்களுடையது எந்த வகைப் புல்? கென்டக்கி புளூகிராஸ், ரை கிராஸ், ஃபெஸ்க்யூ மூன்றும் குளிர்காலப் புல் வகைகள். இவை இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் வேகமாக வளரும், கோடையில் சோர்ந்துவிடும். பெர்முடா என்ற பெயரில் விற்கும் அருகம்புல், ஜோய்சியா, செயின்ட் அகஸ்டின் ஆகியவை வெப்பகாலப் புல் வகைகள். இவற்றுக்குக் கோடைதான் கொண்டாட்டம். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்கு அப்படியே செய்தால் கெடுதல்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் குளிர்காலப் புல்லைப் பற்றியது. மாறும் இடங்களில் சொல்கிறேன்.

மண் காய்ந்திருக்கிறதா? ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். நீர் கசிந்தாலோ களிமண் உருண்டையாக நின்றாலோ புல்வெளியில் கால் வைக்காதீர்கள். ஈர மண்ணில் நடந்தாலே அது இறுகிவிடும். அந்த நேரத்தில் ரேக்கால் வாரினால் உயிருள்ள புல்லும் வேரோடு வந்துவிடும். இளவேனில் துப்புரவில் நடக்கும் சேதத்துக்கு அவசரம்தான் பெரிய காரணம்.

அறிகுறி: புல்வெளி முழுவதும் வைக்கோல் நிறம்

செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து மெதுவாக இழுங்கள். எதிர்ப்புக் காட்டினால் நல்லது. மண்ணோடு ஒட்டியிருக்கும் தூரைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, தொட்டால் நொறுங்கும்படி இருந்தால் போய்விட்டது.

வெப்பகாலப் புல் என்றால் இந்த நிறம் கோளாறே இல்லை. மண் ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை அது விழிக்காது. பக்கத்து வீட்டுக் குளிர்காலப் புல் பச்சையாகிவிட்டதே என்று பதறி உரம் போட வேண்டாம்.

குளிர்காலப் புல்லில் தூர் உயிரோடு இருந்தால், மண் காய்ந்ததும் மெல்லிய பற்கள் உள்ள ரேக்கால் லேசாக வாரிவிடுங்கள். படிந்து கிடக்கும் செத்த இலைகள் எழும்பி, வெளிச்சமும் காற்றும் உள்ளே போகும். அவ்வளவுதான் வேலை.

அறிகுறி: வட்ட வட்டமாக வெளுத்த திட்டுகள்

இதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. ஒன்றை மற்றதாக நினைத்துக்கொள்வது மிகவும் சகஜம்.

திட்டில் புல் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து, சாம்பல் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ பூஞ்சை நூல்கள் தெரிந்தால் அது பனிப்பூஞ்சை. நீண்ட நாள் பனி மூடிக் கிடந்த இடங்களில், அதிலும் பனியை அள்ளிக் குவித்த ஓரங்களில் அதிகம் வரும். சாம்பல் வகை பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும், தூர் தப்பிக்கும். ஓரம் இளஞ்சிவப்பாகத் தெரியும் வகை கொஞ்சம் முரடு. அது தூரையும் தாக்கும், பனி இல்லாத குளிரான ஈரநாட்களிலும் வரும். இரண்டுக்கும் இளவேனிலில் பூஞ்சைக்கொல்லி அடிப்பதில் பயனில்லை. வெயில் பட்டதும் பூஞ்சை அடங்கிவிடும். லேசாக வாரிவிட்டு, சில வாரம் கழித்தும் பச்சை வராத இடங்களில் மட்டும் விதை போடுங்கள். அடுத்த ஆண்டு வராமலிருக்க வேண்டிய வேலை இலையுதிர்காலத்தில் இருக்கிறது: உதிர்ந்த இலைகளை அப்படியே கிடக்க விடாதீர்கள், புல்லை நீளமாக விட்டுவிட்டுக் குளிர்காலத்துக்குள் போகாதீர்கள், கடைசி நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜனை) அள்ளிக் கொட்டாதீர்கள்.

திட்டு சிறியதாக, நடுவில் வைக்கோலாகவும் சுற்றிலும் கரும்பச்சை வளையமாகவும் இருந்தால் நாயின் சிறுநீர். அதிலும் தழைச்சத்துதான் இருக்கிறது. நடுவில் அளவு மீறிக் கருக்கியது, ஓரத்தில் நீர்த்துப்போய் உரமாகிவிட்டது. அந்த இடத்தில் தண்ணீரை நன்றாக ஊற்றி உப்பை இறக்கிவிட்டு, செத்த புல்லை நீக்கி விதை போடலாம். நாய் சிறுநீர் கழித்த உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் திட்டே வராது. நாயின் உணவில் கலக்கச் சொல்லி விற்கும் பொடிகளை எல்லாம் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: புல்லின் மேல் வளைந்து வளைந்து செல்லும் தடங்கள்

இரண்டு விரல் அகலத்தில், புல்லைக் கத்தரித்து ஓடை போட்டதுபோல் இருந்தால் வோல் என்ற குட்டை வால் எலியின் வேலை. பனிக்கு அடியில் பாதுகாப்பாக ஓடித் தின்றிருக்கிறது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வேர் பெரும்பாலும் தப்பியிருக்கும். வாரிவிட்டால் புல் தானாக மூடிக்கொள்ளும். மரக்கன்றுகளின் அடிப்பட்டையைக் கடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உண்மையான நஷ்டம் அங்கேதான்.

தரையே வரப்பாக மேலெழும்பி, மண் குவியல்கள் தெரிந்தால் அது அகழெலி. புல்லைத் தின்பதில்லை, மண்புழுவைத் தேடித் தோண்டுகிறது. வரப்பை மிதித்து அமுக்கி நீர் விட்டால் போதும்.

அறிகுறி: சாலையோரமும் நடைபாதையோரமும் மட்டும் பட்டையாகக் காய்ந்திருக்கிறது

பனி உருக்கப் போட்ட உப்பு. மண் உருகியதும் அந்தப் பட்டைக்குப் பல முறை ஆழமாகத் தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள். களிமண்ணாக இருந்தால் ஜிப்சம் சோடியத்தை வெளியேற்ற உதவும். உப்பு இறங்காமல் விதை போட்டால் விதையும் வீண்.

அறிகுறி: புல் பாய்போலச் சுருண்டு எழும்புகிறது, அல்லது இரவோடு இரவாகத் தோண்டிக் கிடக்கிறது

இதைத்தான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அறிகுறி என்பேன். கையால் இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் புல் தரையிலிருந்து பிரிந்து வந்தால் அடியில் வேர் இல்லை என்று அர்த்தம். தின்றது வண்டுகளின் வேர்ப்புழு. பறவைக் கூட்டமும் இரவில் வரும் விலங்குகளும் அந்தப் புழுவைத் தேடித்தான் கிளறுகின்றன. விலங்கை விரட்டினாலும் புழு அங்கேயே இருக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பழுப்பும் பச்சையும் சேரும் ஓரத்தில் 30 செ.மீ. சதுரமாக மூன்று பக்கம் மண்வெட்டியால் வெட்டி, புல்லைப் புரட்டுங்கள். 5 முதல் 8 செ.மீ. ஆழம்வரை மண்ணைக் கிளறி, வளைந்து படுத்திருக்கும், தலை மட்டும் பழுப்பான வெள்ளைப் புழுக்களை எண்ணுங்கள். ஐந்துக்குள் இருந்தால் ஆரோக்கியமான புல் தாங்கிவிடும். பத்தோ அதற்கு மேலோ என்றால் நடவடிக்கை தேவை. நான்கைந்து இடங்களில் பாருங்கள்; புழு ஒரே சீராகப் பரவியிருக்காது.

இளவேனிலில் புழுவைப் பார்த்ததும் மருந்து தேடி ஓடுவது இயல்பு. ஆனால் அப்போது அது முழு வளர்ச்சி அடைந்து தடித்திருக்கும். கொஞ்ச நாள் மட்டும் தின்றுவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும். மருந்தும் அதை எளிதில் கொல்லாது. கோடைக் கடைசியில், முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன குட்டிப் புழுக்கள்தான் மருந்துக்கு மடியும். மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு அதே சமயத்தில் நன்மை செய்யும் நூற்புழுக்களை நீரில் கலந்து விடும் வழி இருக்கிறது. அவை உயிருள்ளவை, வெயில் தாழ்ந்த பிறகு, ஈர மண்ணில், காலாவதி ஆகாததாகப் பார்த்து விட வேண்டும். குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்ற தடுப்பு மருந்துகள் மெதுவாக வேலை செய்பவை. ஆகவே இளவேனில் கடைசியிலேயே போட்டு நீர் பாய்ச்ச வேண்டும். எது அனுமதிக்கப்பட்டது என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் லேபிளை முழுதாகப் படியுங்கள்.

இளவேனிலில் செய்ய வேண்டியது: பிரிந்த புல்லை மீண்டும் அமர்த்தி நீர் விடுவது, வெறுமையான இடத்தைக் குறித்துவைப்பது.

அறிகுறி: தண்ணீர் தேங்குகிறது, மண் கல்லாக இருக்கிறது

ஈரமான மண்ணில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கையால் குத்துங்கள். இறங்கவில்லை என்றால் மண் இறுகியிருக்கிறது. சின்ன மண்குழல்களை உருவி எடுக்கும் ஏரேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதே மருந்து. வெறும் ஆணி குத்தும் செருப்புகளால் பயனில்லை. அவை துளையைச் சுற்றியுள்ள மண்ணை இன்னும் நெருக்குகின்றன. குளிர்காலப் புல்லுக்கு இலையுதிர்காலத் தொடக்கத்திலும், வெப்பகாலப் புல்லுக்குக் கோடைத் தொடக்கத்திலும் செய்யுங்கள். வெளியே விழும் மண்குழல்களை வாரிக் கொட்ட வேண்டாம்; மழையில் கரைந்து உள்ளேயே போய்விடும்.

ஸ்க்ரூடிரைவர் இறங்குகிறது, ஆனால் நடந்தால் மெத்தென்று இருக்கிறதா? புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே செத்த தண்டும் வேரும் பின்னிய பழுப்பு அடுக்கு சேர்ந்திருக்கும். ஒரு துண்டு வெட்டி அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரு செ.மீ. வரை நல்லதுதான். அதைத் தாண்டினால் நீரும் உரமும் மண்ணைத் தொடாது. இலையுதிர்காலத் தொடக்கத்தில் அதற்கென உள்ள இயந்திரத்தால் கிழித்து எடுக்க வேண்டும். வெட்டிய புல்லை அப்படியே விடுவதால்தான் இந்த அடுக்கு வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. இலைத் துணுக்குகள் சீக்கிரம் மக்கிவிடும்.

ஒரே ஓர் இடம் மட்டும் எப்போதும் சதசதவென்று இருந்தால் மண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்பிரிங்க்ளர் குழாய் குளிரில் வெடித்திருக்கலாம்.

அறிகுறி: புல்லுக்குப் பதில் பாசி

பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் வாழ முடியாமல் விட்ட இடத்தில் குடியேறுகிறது. நிழல், ஈரம், இறுகிய மண், அமிலத்தன்மை ஆகியவற்றில் எது காரணம் என்று பாருங்கள். இரும்பு சல்பேட் தெளித்தால் பாசி கறுத்துச் சாகும். காரணம் அப்படியே இருந்தால் திரும்ப வரும். சுண்ணாம்பு போடும் முன் மண் பரிசோதனை அவசியம். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏற்கெனவே சரியாக இருந்தால் சுண்ணாம்பு கெடுதல்தான் செய்யும். மரத்தடி நிழல் என்றால், என்னைக் கேட்டால், அங்கே புல்லை விட்டுவிட்டு நிழல் செடி வைப்பது புத்திசாலித்தனம்.

அறிகுறி: களை

ஓராண்டுக் களையா, பல்லாண்டுக் களையா என்று பிரித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கிராப் கிராஸ் ஓராண்டுக் களை. மண் சில நாட்கள் தொடர்ந்து 13 டிகிரி அளவில் இருந்தால் அதன் விதை முளைக்கத் தொடங்கும். தடுப்பு மருந்தை அதற்குச் சற்று முன்பே போட்டு நீர் விட வேண்டும். முளைத்துப் படர்ந்த பிறகு அந்த மருந்தால் பயனில்லை. முதல் உறைபனியில் அது தானே செத்துவிடும். ஆகவே இலையுதிர்காலத்தில் கிராப் கிராஸைப் பார்த்து மருந்து அடிப்பது காசைக் கரியாக்குவது.

டான்டலைன் பல்லாண்டுக் களை. இளவேனிலில் மஞ்சள் பூவைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் கோபம் வருகிறது. அதை ஒழிக்க ஏற்ற காலமோ இலையுதிர்காலம். அப்போது செடி உணவை வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மருந்தும் சேர்ந்து கீழே இறங்கும். கையால் பிடுங்குவதானால் மழைக்கு மறுநாள், நீளமான கருவியால், வேர் முறியாமல் எடுங்கள். முறிந்த துண்டிலிருந்து மறுபடி வரும். அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும் மருந்தும், கிளைஃபோசேட் போலப் புல்லையும் சேர்த்துக் கொல்வதும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். பெயரைப் படிக்காமல் கை நீட்டாதீர்கள்.

அறிகுறி: விதை போட்டும் முளைக்கவில்லை

முதலில் பொறுமை. ரை கிராஸ் 5 முதல் 10 நாளில் தலைகாட்டும். ஃபெஸ்க்யூ ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். கென்டக்கி புளூகிராஸ் இரண்டு முதல் நான்கு வாரம்வரை இழுக்கும். கலப்பு விதை போட்டவர்கள் முதலில் வந்த ரை கிராஸைப் பார்த்துவிட்டு, முளைத்துவிட்டது என்று நீரை நிறுத்துவார்கள். மண்ணுக்குள் நனைந்து வீங்கிக் கிடக்கும் புளூகிராஸ் அங்கேயே காய்ந்து சாகும்.

நாள் கடந்தும் வரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். அந்த இடத்தில் களைத் தடுப்பு மருந்து போட்டீர்களா? போட்டிருந்தால் சாதாரண வகைகளுக்குச் சுமார் மூன்று மாதம் விதை முளைக்காது. விதை மண்ணைத் தொட்டதா, பழைய புல்லின் மேல் உட்கார்ந்திருந்ததா? மண்ணைக் கீறிவிட்டு, விதைத்து, லேசாக மிதித்தால்தான் பிடிக்கும். மேல்மண் ஒரு மதியமாவது முழுக்கக் காய்ந்ததா? முளைக்கும்வரை தினம் இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டும். கடைசியாக விதையையே சந்தேகப்படுங்கள்: இருபது விதையை ஈரத் துணியில் சுருட்டி வைத்தால் தெரிந்துவிடும்.

இளவேனிலில் விதைக்கவே கூடாதா? விதைக்கலாம். ஆனால் பிஞ்சுப் புல் வேர் பிடிப்பதற்குள் களையும் கோடையும் வந்துவிடும். முதல் உறைபனிக்கு ஆறேழு வாரம் முன்பு விதைத்தால் மண் கதகதப்பாக இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், புதிய கிராப் கிராஸ் போட்டி போடாது. வெப்பகாலப் புல்லுக்கு இது பொருந்தாது. அதை இளவேனில் கடைசியில் விதைக்க வேண்டும்.

அறிகுறி: உரம் போட்ட பிறகு வரி வரியாக நிறம், அல்லது கருகல்

வரி வரியாக இருந்தால் உரம் தூவும் வண்டியை ஒரே திசையில் ஓட்டியிருக்கிறீர்கள். பாதி அளவை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவுங்கள். கருகல் என்றால் அளவு மிஞ்சிவிட்டது. உடனே நிறைய நீர் விடுங்கள்.

அளவு கணக்கு கடினமில்லை. ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து என்பது மேல் வரம்பு. மூட்டையில் 20-5-10 என்று இருந்தால் முதல் எண் தழைச்சத்தின் சதவீதம். 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு 500 கிராம் தழைச்சத்து வேண்டும். அதாவது அந்த உரத்தில் 2.5 கிலோ. ஆண்டுக்கு ஒரே முறைதான் உரம் போடுவேன் என்பவர்கள் அதை இலையுதிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இளவேனிலின் தொடக்கத்தில் போட்டால் இலைதான் பொங்கும்; வேர் பின்தங்கும்; வாரத்துக்கு இரண்டு முறை வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உரமே போடாமல் நுனிகள் மட்டும் வெளிறி நார் நாராகத் தெரிகின்றனவா? வெட்டும் பிளேடு மழுங்கியிருக்கிறது.

அறிகுறி: காலணியில் ஆரஞ்சுப் பொடி

துரு நோய். கோடைக் கடைசியில், மெதுவாக வளரும் பசித்த புல்லில் வரும். கொஞ்சம் தழைச்சத்தும் ஆழமான காலை நீரும் கொடுத்து வெட்டி வந்தால் போய்விடும்.

அறிகுறி: இலைக் குவியலுக்குள் புல்வெளி காணவில்லை

உதிர்ந்த இலை மெல்லியதாக இருந்தால் வாரவே வேண்டாம். காய்ந்த நாளில் புல் வெட்டும் மோவரை இரண்டு தடவை ஓட்டி நொறுக்கிவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் பாதிக்கு மேல் புல் தெரிய வேண்டும். தெரிந்தால் மீதி தானே மக்கி உரமாகும். ஓக் இலை மண்ணை அமிலமாக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். புல் தெரியவில்லை என்றால் மிஞ்சியதைப் புதர்களுக்கு அடியிலும் பாத்திகளிலும் பரப்புங்கள். குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகளுக்கு அது வீடு. ஈர இலை ஒட்டிக்கொண்டு வாரம் கணக்கில் கிடப்பதுதான் புல்லைக் கொல்கிறது.

வளர்ச்சி நிற்கும்வரை வெட்டிக்கொண்டே இருங்கள். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடைசி வெட்டில் 5 அல்லது 6 செ.மீ. விட்டால் சரி. உறைபனி படிந்த காலையில் அதன்மேல் நடக்காதீர்கள். கால் பட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும்.

அறிகுறி: மோவர் கிளம்ப மறுக்கிறது

பெரும்பாலும் போன ஆண்டின் பெட்ரோல். ஒன்றிரண்டு மாதத்திலேயே அது கெடத் தொடங்கும். எத்தனால் கலந்தது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பழையதை வடித்துப் புதியது ஊற்றுங்கள். அப்படியும் கிளம்பாவிட்டால் ஸ்பார்க் பிளக், பிறகு காற்று வடிகட்டி, கடைசியில் கார்புரேட்டர் கிண்ணம் என்று பாருங்கள். பிளேடுப் பக்கம் கை போகும் முன் பிளக்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். இயந்திரத்தைச் சாய்க்கும்போது கார்புரேட்டர் மேல் பக்கமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் இறங்கி வேறொரு கோளாறு தொடங்கும். இலையுதிர்காலத்தில் கடைசி வெட்டு முடிந்ததும் டாங்கில் எரிபொருள் நிலைப்படுத்தி கலந்து சில நிமிடம் ஓட விடுங்கள், அல்லது டாங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட்டி மூடிவையுங்கள்.